வானத்துக்கு ஒரு கூரை

எங்கள் ஊருக்கு வானம் வந்த கதையைச் சொல்லப்போகிறேன். வானம் எல்லா ஊருக்கும்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கலாம். ஆனால் அதிகாரி ஒருவர் வந்து ரிப்பன் வெட்டுகிறவரை எதுவும் இருந்ததாகக் கணக்கில்லை என்பது எனக்கு இந்த வயதில்தான் புரிந்தது.

ஊர் பெயர் ஏழுபுளி. அம்பாசமுத்திரத்திலிருந்து மலையைப் பார்த்து வருகிற மினிபஸ், இதற்கு மேல் போய் என்ன ஆகப்போகிறது என்று திரும்புகிற இடம். செல்போன் கோபுரம் கிடையாது. பேச வேண்டுமானால் குளத்துக்கரையில் ஏறி, ஒரு குறிப்பிட்ட பனைமரத்துக்குப் பக்கத்தில், ஒரு குறிப்பிட்ட பக்கமாகத் திரும்பி நிற்க வேண்டும். எங்களுக்கு இருந்த ஒரே பெருமை செவ்வாய்க்கிழமை. அன்றைக்குக் கல்லடிப்புதூர் சுகாதார மையத்திலிருந்து ஒரு பழைய ஜீப் வரும். டாக்டர் ஜெனோ இறங்கி வருவார். துணை மையத்தில் உட்கார்ந்து நாக்கை நீட்டச் சொல்லி, சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுப்பார். ஜீப் பாதி வழியில் நின்றுபோனால் நடந்து வருவார். எப்படியோ, வருவார்.

இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் போனது அரசின் விண்வழி மருத்துவ இயக்கத்துக்கு. ஜில்லா டவுனின் வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருக்கிறது அந்த இயக்கம். செயற்கைக்கோள் வழியாக அதிவேக இணையம், இணையம் வழியாக டாக்டர், டாக்டர் வழியாக ஆரோக்கியம் என்பது அவர்களுடைய திட்டம். முதல் ஊராக ஏழுபுளியைத் தேர்ந்தெடுத்தார்கள். துணை மையத்துக்கு முன்னால் சிமெண்டுத் திண்டு கட்டி, அதில் சிக்னல் பிடிக்கிற வெள்ளைத் தட்டு ஒன்றைப் பொருத்தினார்கள். தட்டுக்குப் பட்டுத்துணி போர்த்தி, மாலை போட்டு, ஐயரும் ஐயரம்மாவும் பாஸ்டரும் வரிசையாக ஆசீர்வதித்தார்கள்.

இயக்குநர் சிவசண்முகம் ஐயா மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த ஏழுபுளி மக்களே! தொலைவு என்ற சொல்லை இன்றோடு அகராதியிலிருந்து நீக்குகிறோம். சிந்தித்துப் பாருங்கள். ஜீப்பில் வருகிற டாக்டர் ஒரு நேரத்தில் ஓர் ஊருக்குத்தான் வர முடியும். விண்வழியில் வருகிற டாக்டரோ எந்த ஊருக்கும் வர வேண்டியதே இல்லை!"

கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். அப்புறம் அந்த ஜீப்புக்கும் ஒரு மாலை போட்டு, ஹாரன் அடிக்கச் சொல்லி, வழியனுப்பி வைத்தார்கள். இனிமேல் அது வராது என்பது வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தட்டு சத்தியமாக வேலை செய்தது. முதல் நாள், முதல் நோயாளி பியூலா அக்கா. என் எதிர்வீடு. அவள் புருஷன் தேவதாசன் அண்ணன் சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அவள் வாசல் அறையில் மிதி மிஷின் போட்டு ஊருக்கெல்லாம் தைக்கிறாள். சர்க்கரை உடம்பு. செருப்பைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி வலது பெருவிரலுக்கு அடியில் ஏறியிருக்கிறது. குத்தினதே தெரியாமல் நாள் முழுக்க மிதித்திருக்கிறாள். கிராம நர்ஸ் சங்கரி அந்தக் காலைக் கேமராவுக்குக் காட்டினாள். திரையில் டாக்டர் ஜெனோ வந்தார். அவர் மீசை ஓரத்தில் ஒட்டியிருந்த சட்னிவரை தெரிந்தது. குரல் பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி கேட்டது.

"பயப்பட ஒண்ணுமில்ல அக்கா. மேலாப்புலதான் இருக்கு. சுத்தமா கட்டி வையுங்க. அடுத்த செவ்வாய் இதே மாதிரி காட்டுங்க. ஆறலேன்னா அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்கு நம்பர் போட்டுருதேன்."

நம்பர் என்பது இந்தத் திட்டத்தின் பிரதான விசேஷம். டாக்டர் திரையில் நோயாளியைப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்தினால் அவர் மேஜையில் உள்ள மிஷினில் ஒரு நம்பர் விழும். அதைக் கொண்டுபோனால் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை தயாராக இருக்கும். வரிசை இல்லை, கெஞ்சல் இல்லை. பியூலா அக்கா அன்றைக்குச் சந்தோஷமாக நடந்து வீட்டுக்குப் போனாள்.

அடுத்த செவ்வாய் வருவதற்குள் குருபிரசாத் சார் வந்துவிட்டார். அவர் இயக்கத்தின் உடைமைப் பாதுகாப்பு அலுவலர். அவர் வந்த நேரம் பார்த்து, மலையிலிருந்து இறங்கிய குரங்கு ஒன்று தட்டின் மேல் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது என்ன?" என்றார் குருபிரசாத்.

"குரங்கு சார்" என்றாள் சங்கரி.

"அது எனக்குத் தெரியுது. அரசு உடைமை மேல உக்கார அதுக்கு யாரு அனுமதி குடுத்தா?"

சங்கரி கையைத் தட்டிக் குரங்கை விரட்டினாள். அவர் வானத்தைப் பார்த்தார். மேகம் கறுத்திருந்தது. "மழை பெஞ்சா இது நனையுமா?"

"நனையும் சார். ஆனா அது நனையத்தக்கன செஞ்சதுன்னு மாட்ட வந்தவுக சொன்னாவ."

"அவங்க சொல்லுவாங்க. நாளைக்குத் தணிக்கையில பதில் சொல்லப்போறது நான்."

வாரம் முடிவதற்குள் ஒப்பந்தக்காரர் ஆட்களோடு வந்தார். நாலு இரும்புக்கால், சுற்றிலும் கம்பிவலை, ஒரு கதவு, ஒரு பூட்டு, மேலே கனமான தகரக் கூரை. நீலப் பெயிண்ட். இந்தப் பக்கத்தில் இவ்வளவு சுறுசுறுப்பாக ஒரு வேலை நடந்து நான் பார்த்ததில்லை. குரங்கு சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை பியூலா அக்கா ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தாள். சங்கரி சுவிட்சைப் போட்டாள். திரையில் எழுத்து வந்தது: 'வானம் தெரியவில்லை. தடையை அகற்றவும்.'

படிக்கத் தெரிந்த எல்லோரும் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொன்னார்கள். சங்கரி குளத்துக்கரைக்கு ஓடிப் போய் வண்ணார்பேட்டைக்குப் போன் போட்டாள். அங்கே கேட்டார்கள்: "தட்டுல வெளக்கு எரியுதா?"

"எரியுது சார்."

"அப்பம் சேவை நடக்குது" என்று வைத்துவிட்டார்கள்.

புண் ஆறவில்லை. அடுத்த செவ்வாய் ஆழமானது. அதற்கடுத்த செவ்வாய் பெருவிரல் நுனி நிறம் மாறியது. இளவட்டங்கள் நாலு பேர் ஏணியோடு போனார்கள், தகரத்தைக் கழற்றிவிடலாம் என்று. சங்கரி குறுக்கே நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். "அண்ணே, சாவி எம் பேருல இருக்கு. தகரத்துல கை வச்சா திருட்டு கேஸுன்னு எழுதி வாங்கியிருக்காவ. நான் தற்காலிக வேலைக்காரி. எம் புள்ளைய நெனைச்சுப் பாருங்க" என்று அழுதாள். ஏணியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு லோடு ஆட்டோ உண்டு. "டாக்டர் வரலேன்னா என்ன, நாம போவோம்" என்று பியூலா அக்காவையும் தேவதாசன் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு கல்லடிப்புதூர் போனேன்.

அங்கே டாக்டர் ஜெனோ இருந்தார். அறைக்கதவு திறந்துதான் இருந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, இருட்டாகக் கிடந்த திரைக்கு முன்னால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"சார்" என்றார் தேவதாசன்.

"திரும்ப முடியாது அண்ணாச்சி" என்றார் டாக்டர், திரும்பாமலே. "மேல கேமரா இருக்கு. செவ்வாய் காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் நான் ஏழுபுளியப் பாத்துக்கிட்டு இருக்கணும்னு உத்தரவு. முகம் திரும்பினா இயக்கத்துல மணி அடிக்கும்."

"சார், நாங்கதான் ஏழுபுளி. இங்கன வந்திருக்கோம்லா."

"தெரியுது. நேருல பாத்தா ஏழுபுளிக்கு விண்வழி தேவையில்லன்னு ஆயிரும். எங்கூட இங்க இருந்த டாக்டரம்மா போன வாரம் பாவம் பாத்து ஒருத்தர நேருல பாத்தாவ. இப்பம் அவுக தருமபுரில இருக்காவ. அதுகூடப் பரவாயில்ல, நான் போயிருவேன். ஆனா நேருல பாத்தா நம்பர் விழாது அண்ணாச்சி. ரெண்டு பக்கமும் இணைப்பு இருந்தாத்தான் மிஷின் நம்பர் துப்பும்." கோயிலில் ஜெபத்துக்கு நடுவில் பேசுகிற ஆளைப் போல வாயைக் கோணி, மெதுவாகக் கேட்டார்: "சீழ் வருதா?"

"வருது."

"நாத்தம்?"

தேவதாசன் கட்டின் ஓரத்தை இன்னும் இறுக்கிச் சுற்றினார். டாக்டருக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் அந்தக் கால் இருந்தது. அவர் எதிரே இருட்டான திரையில் 'ஏழுபுளிக்காகக் காத்திருக்கிறது' என்று எழுதியிருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். இங்கே வெண்ணெயும் நெய்யும் ஒரே அறையில் இருந்தன, அலையத்தான் அனுமதி இல்லை. டாக்டர் ஒரு மாத்திரையின் பெயரைத் திரையைப் பார்த்துச் சொன்னார். "எப்பிடியாவது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. நாள் கடத்தாதிங்க" என்றார்.

அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கவுண்டரில் இருந்த தம்பி நல்ல பையன். முகம் சுளிக்காமல் கேட்டான்.

"நடந்து வந்தாங்களா?"

"ஆமா தம்பி."

"மயக்கம் உண்டா?"

"இல்ல."

"அப்ப அவசரம் இல்ல. எந்த ஊரு?" ஊர்ப் பெயரைத் தட்டினான். "ஏழுபுளி விண்வழிக் கிராமம்லா. நம்பர் சொல்லுங்க."

"நம்பர் இல்லியே."

"நம்பர் போடாம கம்ப்யூட்டர் அடுத்த கட்டத்துக்குப் போவாது அண்ணாச்சி. மத்த ஊருன்னா நானே டோக்கன் போட்டுருவேன். நீங்க முன்னேறிட்டீங்க."

பியூலா அக்கா கொஞ்சம் முன்னால் வந்து கேட்டாள்: "தம்பி, நான் வேணும்னா மயங்கி விழட்டுமா?"

அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். "சொல்லிட்டு விழுந்தா செல்லாது அக்கா."

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலையும் மிதித்தோம். அங்கே கட்டச் சொன்ன முன்பணத்தைக் கேட்டுவிட்டு வந்த வழியே இறங்கினோம். அதைப் பற்றி வேறு பேச்சு வேண்டாம்.

மறுநாள் பியூலா அக்காவை வீட்டில் விட்டுவிட்டு, நானும் தேவதாசன் அண்ணனும் வண்ணார்பேட்டைக்குப் போனோம். ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். அதை முட்டி மோதிக்கொண்டு மாடி ஏறினோம். முதல் மேஜையில் குருபிரசாத் இருந்தார். தேவதாசன், தகரம் இருந்தால் சிக்னல் வராது போலிருக்கிறது என்று பைய எடுத்துச் சொன்னார்.

குருபிரசாத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "தகரம் வச்சா சிக்னல் வராதுன்னு எனக்குத் தெரியாதா? நான் இன்ஜினியரிங் படிச்சவன். ஆனா கூரை எம் பிரிவு. வானம் எம் பிரிவு இல்ல."

"வானம் யாரு சார்?"

பக்கத்து மேஜையைக் காட்டினார். நாற்காலிக்கு உறை போட்டிருந்தது. "வானப் பிரிவு. பணியிடம் காலி. ஆள் கேட்டு எழுதியிருக்கு."

"அதுவரைக்கும் வானத்த நீங்க கொஞ்சம் பாத்துக்கப்பிடாதா சார்?"

"கூடுதல் பொறுப்பு குடுத்தா பாப்பேன். குடுக்கலியே."

இயக்குநர் அறைக்குள் எங்களை விட்டார்கள். சுவர் முழுக்க ஜில்லா வரைபடம். அதில் ஏழுபுளி இருக்கிற இடத்தில் பச்சை விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. சிவசண்முகம் ஐயா அதை ஒரு தகப்பனின் வாஞ்சையோடு பார்த்தார்.

"பாருங்கள், ஒரு நொடிகூட அணைந்ததில்லை."

"சார், பச்சை எரியுது. டாக்டர்தான் வரமாட்டேங்காவ" என்றார் தேவதாசன்.

"டாக்டர் மருத்துவத் துறை. இணைப்புக் கொடுப்பது எங்கள் கடமை."

"இணைப்பும் இல்லியே சார்."

"இணைப்பு கொடுத்தாகிவிட்டது. நீங்கள் வாங்கிக்கொள்ளவில்லை." ஐயா நாற்காலியில் சாய்ந்தார். "வானத்தில் செயற்கைக்கோள் கூட்டம் கூட்டமாகச் சுற்றுகிறது. அவை தங்கள் வேலையைச் செய்கின்றன. தரையில் இருப்பவர்களின் ஒத்துழைப்புத்தான் குறைவு. இருந்தாலும் உங்கள் குறையை முன்கூட்டியே உணர்ந்துவிட்டோம். கூரைக்கு மேலே இரண்டாவது தட்டு ஒன்று வைக்கப்போகிறோம்."

தேவதாசன் முகம் மலர்ந்தது. "அதுக்கு மேல ஒண்ணும் இருக்காதுல்லா சார்?"

"கூரை இல்லாமல் தட்டு வைத்த தவறை மறுபடி செய்வோமா? இந்த முறை இரண்டுக்கும் சேர்த்தே அனுமதி வாங்கிவிட்டோம்."

தேவதாசன் அண்ணன் பொறுமைசாலி. கடன் சொல்லிப் போனவனைத் தெருவில் பார்த்தால் இவர் வெட்கப்பட்டு ஒதுங்கிப்போவார். அந்த மனுஷன் இயக்குநர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "சார், அவ காலு சார். வெரலு கறுத்துட்டுது சார். ஒருக்க பாத்துட்டாப் போதும் சார்" என்று விக்கி விக்கி அழுதார். எனக்கு அந்தப் பச்சை விளக்கைப் பிடுங்கித் தரையில் அடிக்க வேண்டும் போலிருந்தது.

ஐயாவும் கலங்கிப்போனார். கல்நெஞ்சக்காரர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். எழுந்து வந்து தோளைத் தட்டினார். "கவலைப்படாதீர்கள். அடுத்த மாதம் உங்கள் ஊரில் வெற்றி விழா. மேலிடத்திலிருந்து பார்வைக் குழு வருகிறது. அன்றைக்கு மட்டும் கூரையைக் கழற்றத் தற்காலிக வான அனுமதி உண்டு. உங்கள் வீட்டம்மாவையே முதல் பயனாளியாக மேடையில் காட்டுவோம். அதுவரைக்கும் காலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்."

பத்திரமாகத்தான் வைத்துக்கொண்டார்கள். சங்கரி தினமும் வந்து துடைத்துக் கட்டினாள். டாக்டர் சொன்ன மாத்திரை தீர்ந்தது, மறுபடி வாங்கினார்கள். பியூலா அக்கா இடது காலால் மிஷின் மிதிக்கப் பழகினாள். துணி கொடுக்க வருகிறவர்களுக்கு வாடை தெரியக்கூடாதென்று அறையில் சாம்பிராணி போட்டாள். வேதக்காரக் கிறிஸ்தவ வீட்டில் இதென்ன சாம்பிராணி என்று சிலர் கேட்டார்கள். கொசு என்றாள். ஒருநாள் நான் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கப் போனபோது தேவதாசனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இது ஆரு காலோ மாதிரி இருக்கு. வலிக்கவே மாட்டேங்கு. வலிச்சாலாவது நம்மதுன்னு ஒரு ஆறுதல் இருக்கும்."

"ஏளா, சும்மா கெட. இன்னும் நாலு நாளு. அன்னைக்கு டாக்டர் பாத்துருவாரு" என்றார் அவர். அவர் குரலில் இருந்த நம்பிக்கையைக் கேட்டு எனக்குப் பயமாக இருந்தது.

விழா நாள் வந்தது. காலையிலேயே ஒப்பந்தக்காரர் ஆட்கள் தகரத்தைக் கழற்றி வேப்பமரத்தில் சாய்த்து வைத்தார்கள். தட்டுக்கு மேலே சுத்தமான நீல வானம். சங்கரி சுவிட்சைப் போட்டதும் எழுத்துகள் மறைந்து இணைப்பு வந்தது. ஊர் முழுக்க ஆவென்று கத்தியது. பியூலா அக்கா கட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கட்டு இப்போது கணுக்காலைத் தாண்டியிருந்தது.

மேடையில் வைத்திருந்த பெரிய திரையில் கல்லடிப்புதூர் அறை தெரிந்தது. மேஜை தெரிந்தது. நாற்காலி தெரிந்தது. நாற்காலியில் ஆள் இல்லை.

"டாக்டர் எங்கே?" என்றார் இயக்குநர்.

"இங்கன இருக்கேன் சார்" என்று ஒரு குரல் வந்தது. மேடையில் கடைசி வரிசையில், கழுத்தில் பொன்னாடையோடு டாக்டர் ஜெனோ எழுந்து நின்றார். "ஊழியர் எல்லாரும் விழாவுக்கு வரணும்னு உத்தரவு போட்டிருந்தீகளே சார்."

"அங்கே யார் இருக்கிறார்கள்?"

"அங்க இருக்க வேண்டியதும் நான்தான் சார்."

பார்வைக் குழுவினர் திரையைக் கூர்ந்து பார்த்தார்கள். இயக்குநர் அனுபவசாலி. சட்டென்று மைக்கை வாங்கிக்கொண்டார். "மதிப்பிற்குரிய குழுவினர் கவனிக்க வேண்டும். எத்தனை துல்லியம்! எத்தனை வேகம்! அந்த நாற்காலியின் ரெக்சின் கிழிசல்கூட இங்கிருந்து தெரிகிறது!" குழுவினர் தலையாட்டிக் கைதட்டினார்கள். ஒருவர் அந்தக் கிழிசலைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

தேவதாசன் மேடையில் ஏறிவிட்டார். டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சார், இந்தா இருக்காளே சார். பத்தடி. வந்து பாருங்க சார்."

டாக்டர் பியூலா அக்காவின் கட்டைப் பார்த்தார். அவர் முகம் சுண்டிப்போனது. "நான் பாக்கேன் அண்ணாச்சி. நான் பாத்து என்ன? நம்பர் அங்கன உள்ள மிஷின்லல்லா விழணும்." பொன்னாடையை உருவி நாற்காலியில் எறிந்தார். "நான் போயி உக்காருதேன். கூரையப் போட மட்டும் விட்டுறாதிங்க." மேடையிலிருந்து குதித்து, யாருடையதோ பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஏழுபுளியில் இருந்த டாக்டர், ஏழுபுளி நோயாளியைப் பார்ப்பதற்காக, ஏழுபுளியை விட்டுத் தலைதெறிக்கப் போனார்.

விழா சீக்கிரமே முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. குழுவினருக்குப் பசி. மேற்கே மலையில் மேகம் வேறு திரண்டது. ஒப்பந்தக்காரர் ஆட்கள் தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"சார், கொஞ்சம் பொறுங்க. டாக்டர் போய்ச் சேரட்டும்" என்றார் தேவதாசன்.

"அனுமதி விழா முடியுற வரைக்கும்தான். அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் எம் பொறுப்பு" என்றார் குருபிரசாத்.

"விழா எப்பம் சார் முடியும்?"

"நன்றியுரை முடிஞ்சு நாட்டுப்பண் பாடினா முடிஞ்சுது."

தேவதாசன் மைக்கிடம் போனார். ஆயுசில் மைக்கைத் தொட்டிராத மனுஷன்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் நன்றி சொல்ல வந்திருக்கேன்."

யார் தடுப்பார்கள்? நன்றியுரையைத் தடுத்த அதிகாரி இந்த ஜில்லாவில் இதுவரை பிறக்கவில்லை. எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள்.

"இயக்குநர் ஐயாவுக்கு நன்றி. எங்களுக்கு வானம் குடுத்தாவ. குருபிரசாத் சாருக்கு நன்றி. அவுக கூரை குடுத்தாவ. நல்ல தகரம். ஒரு சொட்டுத் தண்ணி எறங்கல. வானமும் எறங்கல. அதைப் போட்ட ஒப்பந்தக்காரருக்கு நன்றி. ஆணி அடிச்ச தம்பிமாருக்கு நன்றி, ஒரு ஆணிகூட வளையல."

பேர் சொல்லப்பட்ட ஒவ்வொருவரும் எழுந்து கைகூப்ப வேண்டியதாயிற்று. தகரத்தைத் தூக்கிக்கொண்டிருந்த ஆட்களும் கைகூப்புவதற்காக அதைக் கீழே வைத்தார்கள்.

"ஆபீசுல காலியா கெடக்க வானப் பிரிவு நாற்காலிக்கு நன்றி. அதுல ஆளு இருந்திருந்தா அவரும் என்னத்தச் சொல்லியிருப்பாரோ. பெரிய ஆஸ்பத்திரி கவுண்டர்ல இருந்த தம்பிக்கு நன்றி, அது எங்கள ஏசல. எங்க பழைய ஜீப்புக்கு நன்றி. அது வழியில நிக்கும், ஆனா வரும். குரங்குக்கு நன்றி. அது தட்டு மேல உக்காந்திருந்தப்பகூட டாக்டர் தெரிஞ்சாரு."

குருபிரசாத் கடிகாரத்தைப் பார்த்தார். திரையில் நாற்காலி காலியாகவே இருந்தது. தேவதாசனுக்கு நாக்கு வறண்டது. யோசித்தார். நன்றி தீர்ந்துபோய்விட்டது. தெரு தெருவாகப் பேர் சொல்ல ஆரம்பித்தார். கூட்டத்திலிருந்து ஆளுக்கொரு பேரை எடுத்துக் கொடுத்தோம். டீக்கடை, ரேஷன் கடை, மினிபஸ் டிரைவர், கண்டக்டர். பாஸ்டர் தன் பங்குக்குச் சபை மூப்பர்கள் பேரையெல்லாம் சொன்னார். தேவதாசன் ஒவ்வொன்றாக நன்றி சொன்னார். கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. குழுவினர், என்ன நன்றியுள்ள ஜனங்கள் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

"ஏங்க, எம் மிஷினுக்கும் சொல்லுங்க" என்றாள் பியூலா அக்கா, ஸ்டூலில் இருந்தபடியே.

"எங்க வீட்டுத் தையல் மிஷினுக்கும் நன்றி" என்றார் தேவதாசன். அத்தோடு பேர்களெல்லாம் தீர்ந்தன.

நாட்டுப்பண் பாட எல்லோரும் எழுந்து நின்ற நேரத்தில், திரையில் கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் ஓடிவந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நாற்காலியில் விழுந்து, "காட்டுங்க, காட்டுங்க" என்றார். குரல் அவ்வளவு துல்லியமாகக் கேட்டது. இயக்குநரே பாட்டை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். சங்கரி கட்டைப் பிரித்தாள். முன்வரிசையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவள் கேமராவைக் கிட்டே கொண்டுபோனாள்.

டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.

படம் நின்றுவிட்டது என்று நினைத்தோம். சங்கரி ஒயரைத் தொட்டுப் பார்த்தாள். "என்ன, வேகம் குறைந்துவிட்டதா?" என்று இயக்குநர் பதறினார். படம் நிற்கவில்லை. டாக்டருக்குப் பின்னால் மேஜை ஃபேன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

"சார், தெரியலையா சார்?" என்றார் தேவதாசன். "இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்பட்டா?"

"வேண்டாம் அண்ணாச்சி. நல்லாத் தெரியுது." டாக்டர் கீழே பார்த்துக்கொண்டு எதையோ அழுத்தினார். "நம்பர் விழுந்துட்டுது. நேரா ஆப்பரேஷனுக்குப் போட்டிருக்கேன். இப்பமே கெளம்புங்க. அக்கா உசுருக்கு ஒண்ணும் வராது."

இயக்குநர் மைக்கைப் பற்றிக்கொண்டார். "ஏழுபுளியின் முதல் விண்வழி நம்பர்! குழுவினர் கண்ணெதிரே!" பந்தல் அதிரக் கைதட்டினார்கள்.

சத்தம் அடங்கும்வரை தேவதாசன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உசுரா?" என்றார். "சார், நான் அவ காலைல்லா காட்டுதேன்."

பியூலா அக்கா குனிந்து, சேலைக் கரையை இழுத்து அந்தக் காலை மூடிக்கொண்டாள்.